வாசிப்பும் பயனும்: டிஸ்டோபியா நாவலையும் தொன்மத்தையும் சோதனைக்குப் படிக்கும் முறை

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணப் படிப்பு நடக்கும்போது இருவர் இருப்பார்கள். ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார். மற்றவர் பயன் சொல்வார். சொல்லைப் பிரித்து, பொருளை விரித்து, நூலை இயற்றிய கச்சியப்பர் இந்த இடத்தில் ஏன் இந்தச் சொல்லைப் போட்டார் என்று காட்டுவார். இலக்கியச் சோதனையில் இந்த இரண்டு வேலையையும் ஒரே பிள்ளை செய்யவேண்டும். நூலிலிருந்து ஒரு வரியை எடுத்து வைப்பது வாசிப்பு. அந்த வரி என்ன வேலை செய்கிறது என்று விளக்குவது பயன்.

புள்ளியில் பெரும்பங்கு பயனுக்குத்தான். ஆனால் விடைத்தாள்களை நிரப்புவது பெரும்பாலும் மூன்றாவது ஒன்று: கதை சொல்லுதல். முதலில் இது நடந்தது, பிறகு அது நடந்தது என்று இரண்டு பக்கம் போய்விடும். திருத்துபவருக்குக் கதை தெரியும். அவர் தேடுவது, உங்களுக்கு அந்தக் கதைக்குள் என்ன தெரிந்தது என்பதை.

ஆங்கில இலக்கியத்தில் டிஸ்டோபியா நாவலும் தொன்மமும் ஒன்றாகக் கேட்கப்படும்போது பிள்ளைகள் தடுமாறுவதற்குக் காரணம், ஒன்று வருங்காலம், மற்றது பழங்காலம் என்று இரண்டையும் வெவ்வேறு அறையில் வைத்துப் படிப்பதுதான். ஒன்றின் சாவி மற்றதில் இருக்கிறது. உங்களுக்குப் பாடமாக வந்த நாவல் எதுவாக இருந்தாலும் முறை மாறாது. இங்கே ரே பிராட்பரியின் ‘பாரன்ஹீற் 451’ (1953), ஜோர்ஜ் ஓர்வெல்லின் ‘1984’ (1949) இரண்டையும் வைத்துக் காட்டுகிறோம்.

டிஸ்டோபியா எது, எது இல்லை

1516இல் தோமஸ் மோர் ‘யுட்டோப்பியா’ என்ற சொல்லை உண்டாக்கினார். கிரேக்க வேரின்படி ‘இல்லாத இடம்’ என்று பொருள். ஆங்கில உச்சரிப்பில் ‘நல்ல இடம்’ என்பதும் சேர்ந்து கேட்கும். அதற்கு எதிர்ப்பக்கமாக, ‘கெட்ட’ என்று பொருள்படும் முன்னொட்டைச் சேர்த்துப் பிறந்தது டிஸ்டோபியா. 1868இல் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் ஜோன் ஸ்ருவாட் மில் இந்த வேரில் வந்த சொல்லைப் பயன்படுத்தினார்.

துன்பம் நிறைந்த கதை எல்லாம் டிஸ்டோபியா ஆகாது. போர் நாவல், பஞ்சக் கதை, சுனாமிக் கதை எதுவும் தன்னளவில் டிஸ்டோபியா இல்லை. மனிதர் திட்டமிட்டு அமைத்த ஒரு ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்கு ஒரு நன்மையை வாக்களித்திருக்க வேண்டும். அந்த வாக்குறுதியே மக்களை அமுக்கும் பாரமாக மாறியிருக்க வேண்டும். ‘பாரன்ஹீற் 451’ உலகின் வாக்குறுதி சந்தோசம். எந்தப் புத்தகமும் எவருடைய மனதையும் நோகடிக்கக்கூடாது, ஆகவே புத்தகமே வேண்டாம். ‘1984’இல் கட்சி, புரட்சிக்கு முந்திய காலத்தைவிட வாழ்க்கை மேலாகிவிட்டது என்று ஓயாமல் சொல்கிறது. அதை நிரூபிப்பதற்காகப் பழைய பத்திரிகைகளையே திருத்தி எழுதுகிறது. அந்தத் திருத்தும் வேலையைச் செய்பவன்தான் கதாநாயகன் வின்ஸ்ரன். அவன் வேலை செய்யும் இடத்தின் பெயர் உண்மை அமைச்சு. சித்திரவதை நடக்கும் இடத்தின் பெயர் அன்பு அமைச்சு.

நாவலைப் படிக்கும்போது பக்க ஓரத்தில் பென்சிலால் இந்த நான்குக்கும் பதில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த உலகம் என்ன நன்மையை வாக்களித்தது? யார், எதைக்கொண்டு காவல் காக்கிறார்கள்? சொல்லுக்கும் நினைவுக்கும் என்ன செய்திருக்கிறார்கள்? முதன்முதலில் சந்தேகப்படுபவர் எதைப் பார்த்துச் சந்தேகப்படுகிறார்? கடைசிக் கேள்விக்கான பதில் பெரும்பாலும் ஒரு சின்னப் பொருளாக இருக்கும். வின்ஸ்ரனுக்கு அது பழைய கடை ஒன்றில் வாங்கிய, வழுவழுப்பான தாள் கொண்ட வெறும் கொப்பி. அவனுடைய அறையில், வீட்டுக்குள்ளேயே ஆட்களைக் கண்காணிக்கும் தொலைத்திரையின் பார்வைக்குத் தப்பும் ஒரு மூலை இருக்கிறது. அங்கே இருந்துதான் அதில் எழுதத் தொடங்குகிறான். எழுதுவது குற்றமாகும் உலகத்தில் ஒரு கொப்பி ஆயுதமாகிவிடுகிறது. இப்படி ஒரு பொருளைப் பிடித்தீர்கள் என்றால் ஒரு பந்திக்கு வேண்டிய சரக்குக் கைக்கு வந்துவிடும்.

தொன்மம் என்றால் பொய்க்கதை இல்லை

தொன்மம், ஒரு சமூகம் தன்னுடைய பெரிய கேள்விகளுக்குக் கதையாகச் சொல்லி வைத்த பதில். அது நடந்ததா இல்லையா என்பது சோதனைக்குரிய கேள்வி இல்லை. அது எதை விளக்குகிறது, எதை எச்சரிக்கிறது, யாருடைய அதிகாரத்தை நியாயப்படுத்துகிறது என்பவையே கேட்கப்படும்.

பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. குதிரை முகம் கொண்ட மாருதப்புரவீகவல்லி கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி அந்த முகம் நீங்கினாள் என்பார்கள். அதனால் ‘மா விட்ட புரம்’ மாவிட்டபுரம் ஆயிற்று. கீரி முகம் நீங்கிய நகுல முனிவரின் கதை கீரிமலைக்கும் நகுலேஸ்வரத்துக்கும் பெயர்க்காரணம் சொல்கிறது. ஊர்ப்பெயரை விளக்கும் இந்தக் கதைகளை ஐதிகம் என்போம். உலகத்தின் தோற்றம், சாவு, தீ, அதிகாரம் போன்றவற்றை விளக்கும்போது தொன்மம் என்போம். எல்லைக்கோடு அவ்வளவு கூர்மையானது இல்லை. ஆனால் விடையில் எந்தச் சொல்லை ஏன் பயன்படுத்துகிறீர்கள் என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

கிரேக்கத் தொன்மங்களில் ஐந்தை நன்றாகப் படித்தால் டிஸ்டோபியா நாவல்களில் பாதித் தூரம் போகலாம். தேவர்களிடமிருந்து தீயைத் திருடிப் பெருஞ்சீரகத் தண்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்து மனிதருக்குக் கொடுத்த புரோமீதியஸ். மெழுகால் ஒட்டிய சிறகோடு பறந்து, மெழுகு உருகி விழுந்த இக்காரஸ். தாய் பூமியைத் தொட்டு நிற்கும்வரை வெல்லமுடியாத அன்ரேயஸ். தன் தீயிலேயே எரிந்து மீண்டும் எழும் பீனிக்ஸ். ஏதென்ஸ் நகரம் ஏழு இளைஞரையும் ஏழு இளம்பெண்களையும் கிரீற் தீவின் மினோட்டோருக்குப் பலியாக அனுப்ப, அவர்களோடு போய் அந்த மிருகத்தைக் கொன்ற தீசியஸ். சுசான் கொலின்ஸின் ‘ஹங்கர் கேம்ஸ்’ (2008) நாவலில் 12 மாவட்டங்களிலிருந்தும் ஒரு பையன், ஒரு பெண் என 24 பேர் அனுப்பப்படுவதற்குப் பின்னால் இருப்பது இந்தத் தீசியஸ் கதைதான் என்று ஆசிரியரே சொல்லியிருக்கிறார்.

முழுக்கதை தெரிந்தால்தான் வெட்டப்பட்ட துண்டு தெரியும்

தொன்மத்தை ஒரு வரியில் சுருக்கிப் பாடமாக்குவதே பெரிய இழப்பு. இக்காரஸைப் பாருங்கள். ‘அகங்காரத்தால் சூரியனுக்குக் கிட்டப் பறந்தான், விழுந்தான்’ என்று எழுதுவார்கள். முழுக்கதையில் இன்னும் இரண்டு விசயம் இருக்கிறது. தகப்பன் டெடலஸ் சொன்ன எச்சரிக்கை இரு பக்கத்துக்குமானது: மேலே போனால் வெயில் மெழுகை உருக்கும், கீழே போனால் கடல் ஈரம் இறகைப் பாரமாக்கும், நடுவாலே பற என்றான். இரண்டாவது, அவர்கள் பறந்தது விளையாட்டுக்காக இல்லை. மைனோஸ் அரசன் அவர்களைக் கிரீற்றை விட்டுப் போகவிடாமல் வைத்திருந்தான். வேறு வழி இல்லாததால் வானத்தால் தப்பினார்கள்.

இப்போது ‘பாரன்ஹீற் 451’க்கு வாருங்கள். புத்தகங்களை எரிப்பதையே தொழிலாகக் கொண்ட கதாநாயகன் மொன்ராக், தானே புத்தகம் ஒளித்து வைத்திருந்து பிடிபட்டதும் அவனுடைய மேலதிகாரி பீற்றி, சூரியனுக்குக் கிட்டப் பறக்க ஆசைப்பட்டாய், சிறகு எரிந்துவிட்டதே என்ற கருத்தில் நக்கலடிக்கிறான். இக்காரஸின் பெயரைச் சொல்லாமலே அந்தக் கதையை எடுக்கிறான். அதில் பாதியைத்தான் எடுக்கிறான். சிறை என்ற பாதியை வெட்டிவிட்டான். ஏன் பறக்க வேண்டி வந்தது என்ற கேள்வியே எழாதபடி பார்த்துக்கொள்கிறான். புத்தகங்களை எரிக்கும் ஒருவன் தொன்மத்தையும் தனக்குத் தேவையான அளவுக்கு நறுக்கிப் பயன்படுத்துகிறான் என்று எழுதினால், அது சாதாரண விடை இல்லை. அதற்கு நீங்கள் இக்காரஸ் கதையை முழுதாக அறிந்திருக்க வேண்டும்.

இதே இடத்தில் இன்னொரு பிழையும் வரும். பீற்றி சொல்வதை ‘பிராட்பரி சொல்கிறார்’ என்று எழுதிவிடுவார்கள். பாத்திரத்தின் வாய் வேறு, ஆசிரியரின் கை வேறு. பீற்றி நன்றாகப் படித்தவன், மேற்கோள்களை அள்ளி வீசுபவன். அவன் பேச்சில் உண்மையும் கலந்திருக்கும். எது உண்மை, எது சூழ்ச்சி என்று பிரிப்பதே உங்கள் வேலை.

சூரபன்மனும் வின்ஸ்ரனும்

எங்கள் பிள்ளைகளுக்குக் கிரேக்கத் தொன்மத்தைவிடக் கிட்டவான ஒன்று இருக்கிறது. சூரபன்மன் 108 யுகம் 1008 அண்டங்களை ஆள வரம் பெற்றவன். அவனுடைய ஆட்சியில் தேவர்கள் ஏவல் செய்கிறார்கள், மீன் பிடித்துக் கொடுக்க வைக்கப்படுகிறார்கள். ஒழுங்கான, நீண்ட, மீறமுடியாத ஒரு ஆட்சி. டிஸ்டோபியாவின் முக்கால்வாசி இலட்சணம் இங்கே இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: கந்தபுராணத்தில் மீட்பர் பிறக்கிறார்.

முடிவைப் பாருங்கள். கடலில் மாமரமாக நின்ற சூரனை வேல் பிளக்கிறது. ஒரு பாதி சேவலும் மறு பாதி மயிலுமாகிறது. ஒன்று கொடி, மற்றது வாகனம். பகைவன் அழிக்கப்படவில்லை, மாற்றப்படுகிறான். அதை அருள் என்கிறோம்.

‘1984’இலும் பகைவன் கொல்லப்படவில்லை. எதிர்ப்பவனை நாங்கள் அழிப்பதில்லை, எங்கள் பக்கம் மாற்றுகிறோம் என்று, அவனைச் சித்திரவதை செய்யும் கட்சி அதிகாரி ஓபிரையன் வின்ஸ்ரனுக்கு விளக்கம் சொல்கிறான். சித்திரவதையின் உச்சமான 101ஆம் அறைக்குப் பிறகு வின்ஸ்ரன் மனதார கட்சியின் தலைவனான ‘பெரியண்ணனை’ நேசிக்கிறான். கதையின் வடிவம் இரண்டிலும் ஒன்று. ஆனால் சூரனிடமிருந்து நீங்கியது ஆணவம். வின்ஸ்ரனிடமிருந்து பிடுங்கப்பட்டது தன் கண்ணால் கண்டதை நம்பும் திறன். ஓர்வெல் கந்தபுராணத்தை நினைத்து எழுதினார் என்று தவறியும் எழுதவேண்டாம். ‘பகைவனை மாற்றுதல்’ என்ற பழைய கதை வடிவம் இங்கே தலைகீழாகிறது என்று எழுதலாம். ஒப்பிடுவதற்கு இது போதும். தாக்கம் என்று சொல்லச் சான்று வேண்டும்.

ஒப்பீட்டு வினாக்களில் ஒற்றுமையை அரைப் பந்தியில் முடித்துவிட்டு வேற்றுமைக்கு ஒன்றரைப் பந்தி கொடுங்கள். சிந்தனை தெரிவது அங்கேதான்.

தீ: ஒரு குறியீட்டைக் கிட்ட நின்று பார்த்தல்

‘தீ அழிவின் குறியீடு.’ இந்த வசனத்தை எழுதிவிட்டு அடுத்த பந்திக்குப் போய்விடுவார்கள். குறியீட்டுக்கு ஒரு பொருளை ஒட்டி வைப்பது அகராதி வேலை. அது நாவலுக்குள் எப்படி மாறுகிறது என்று பார்ப்பது இலக்கிய வேலை.

‘பாரன்ஹீற் 451’இன் முதல் பக்கத்தை எடுங்கள். எரிப்பது மொன்ராக்குக்கு இன்பமாக இருக்கிறது. கையில் பித்தளைக் குழாய். அது மண்ணெண்ணெய் நஞ்சைக் கக்கும் மலைப்பாம்பாகத் தெரிகிறது. அவனுடைய கைகள் இசைக்குழுவை நடத்தும் ஒருவனின் கைகளாக வர்ணிக்கப்படுகின்றன. தலைக்கவசத்தில் 451 என்ற இலக்கம். கடதாசி தீப்பற்றும் வெப்பநிலை என்று நாவல் சொல்வது இது. எங்கள் கணக்கில் கிட்டத்தட்ட 233 பாகை செல்சியஸ். கையில் சலமந்தர் என்ற, தீயில் வேகாது என்று பண்டைக்காலத்தவர் நம்பிய பல்லி போன்ற உயிரின் சின்னம். நெஞ்சில் பீனிக்ஸ் வட்டம்.

இனி நாவலின் கடைசிப் பகுதி. ஆற்றைக் கடந்து தப்பிய மொன்ராக், பழைய ரயில் பாதைப் பக்கம் ஒரு தீயைக் காண்கிறான். பயந்து பயந்து கிட்டப் போகிறான். அது எதையும் எரிக்கவில்லை, குளிர்காய வைத்திருக்கிறது. இருளில் ஆட்கள் தெரியவில்லை, தீயை நோக்கி நீட்டிய கைகள் மட்டும் தெரிகின்றன. தீ எடுக்க மட்டுமில்லை, கொடுக்கவும் செய்யும் என்பது அவனுக்கு அப்போதுதான் தெரிகிறது.

தீயை எல்லாரும் கவனிப்பார்கள். கைகளைக் கவனித்தீர்களா? தொடக்கத்தில் ஒருவனின் கை, ஆயுதம் பிடித்த கை, ஆட்டி வைக்கும் கை. முடிவில் பலருடைய கைகள், வெறும் கைகள், வாங்கிக்கொள்ளும் கைகள். அங்கே கூடியிருப்பவர்களின் தலைவர் கிரேஞ்சர் பீனிக்ஸின் கதையைச் சொல்லி, மனிதனும் அப்படித்தான் தன்னை எரித்துக்கொள்கிறான், ஆனால் தான் செய்த மடைத்தனம் அவனுக்குத் தெரியும் என்கிறார். நெஞ்சில் வெறும் சின்னமாக இருந்த பறவைக்கு நாவலின் முடிவில்தான் பொருள் கிடைக்கிறது. முதல் பக்கத்தை வாசித்து, கடைசிப் பக்கத்தால் பயன் சொல்லும் முறை இது. எந்த நாவலுக்கும் பொருந்தும்.

இன்னொன்று. மொன்ராக்கின் தொழிலைத் தமிழில் ‘தீயணைப்பு வீரர்’ என்று நினைத்துக்கொண்டு படித்தால் ஒரு நுட்பம் கைநழுவும். ‘fireman’ என்ற ஆங்கிலச் சொல்லில் தீயும் மனிதனும் மட்டுமே இருக்கின்றன. அணைப்பவனா, மூட்டுபவனா என்று அந்தச் சொல் சொல்வதில்லை. பிராட்பரி நுழைந்த சந்து அதுதான். மொழிபெயர்த்துப் படிப்பதில் தவறில்லை. முக்கியமான சொற்களை மட்டும் மூலத்தில் வைத்துப் பாருங்கள்.

பொது நூலகத்தைப் பற்றி எழுதலாமா?

இந்த நாவலைப் படிக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு 1981 நினைவுக்கு வராமல் இராது. மே 31 இரவுக்கும் ஜூன் 1க்கும் இடையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஓலைச்சுவடிகளும் போயின. எழுதலாம். ஆனால் கவனமாக எழுதவேண்டும். நாவல் வெளிவந்தது அதற்கு 28 ஆண்டு முந்தி, ஆகவே நாவல் ‘இதைப் பற்றியது’ ஆகாது. அந்த வேதனையிலேயே இரண்டு பந்தி போய்விட்டால் வினாவுக்கு விடை இல்லாமல் போகும்.

வேற்றுமையைப் பிடியுங்கள். பீற்றியின் விளக்கப்படி, அங்கே அரசாங்கம் தடை போட்டுத் தொடங்கவில்லை. மக்கள் தாமாகவே வாசிப்பைக் கைவிட்டார்கள், எரிப்பவர்கள் பிறகுதான் வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் வாசகர்கள் இருந்தார்கள், நூல்கள்தான் இல்லாமல் போயின. நாவல் எந்த வகை அழிவைப் பேசுகிறது என்பதை இந்த ஒரு முரண் துலக்கிக் காட்டும். முடிவுரையில் இரண்டு வசனம், அதற்குமேல் வேண்டாம்.

நான்கு கிழமைத் திட்டம்

முதல் கிழமை நாவலை மீண்டும் முழுதாக வாசிக்க வேண்டும். ‘பாரன்ஹீற் 451’ மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள். சுருக்கத்தை வாசித்துவிட்டுப் போனால் பித்தளைக் குழாயும் கைகளும் உங்களுக்குக் கிடைக்காது. சுருக்கத்தில் அவை இருக்காது.

இரண்டாம் கிழமை ஒரு 40 பக்கக் கொப்பி எடுங்கள். ஒரு நாவலுக்கு 12 மேற்கோள் போதும். ஒவ்வொன்றும் எட்டுச் சொல்லுக்கு மேல் போகக்கூடாது. நீளமான மேற்கோள் சோதனையில் பிழையாகத்தான் வரும். பக்கத்தைக் கோடு கீறிப் பிரித்து, யார் யாருக்கு எப்போது சொன்னது, அதில் உங்கள் பிடி எந்த ஒற்றைச் சொல், எந்தத் தொன்மம் தொடர்புபடுகிறது என்று எழுதுங்கள். மூன்றாவது இடம் எல்லாவற்றுக்கும் நிரம்பாது. வலிந்து நிரப்பவேண்டாம்.

எங்கள் பிள்ளைகள் மனனத்தில் கெட்டிக்காரர். அந்தக் கெட்டித்தனத்தை ரியூசன் நோட்ஸில் வரும் முழுக் கட்டுரையைப் பாடமாக்குவதில் செலவழிப்பதுதான் நட்டம். வினா ஒரு சொல் மாறினாலும் பாடமாக்கிய கட்டுரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். ‘கட்டுப்பாட்டைப் பற்றி’ என்று பாடமாக்கியவர், ‘நினைவைப் பற்றி’ என்று கேட்டால் அதையே எழுதிவிட்டு வருவார். வரிகளைப் பாடமாக்குங்கள். கட்டுரையை மண்டபத்தில் கட்டுங்கள்.

மூன்றாம் கிழமை நாளுக்கு ஒரு பந்தி. 15 நிமிடம், ஏறத்தாழ 150 சொல், ஆங்கிலத்தில். முதல் வசனம் உங்கள் கருத்து, பிறகு மேற்கோள், பிறகு பயன். எழுதி முடித்ததும் கதை சொல்லும் வசனங்களுக்குச் சிவப்புப் பேனையால் கீழ்க்கோடு போடுங்கள். இரண்டுக்கு மேல் இருந்தால் அந்தப் பந்தியைத் திரும்ப எழுதுங்கள். நான்காம் கிழமை மணிக்கூட்டை வைத்துக்கொண்டு மூன்று முழுக் கட்டுரை. கடந்தகால வினாத்தாள் இருந்தால் அதிலிருந்தே எடுங்கள்.

மண்டபத்தில்

ஒரு கட்டுரைக்கு ஒரு மணித்தியாலம் என்றால் பத்து நிமிடம் திட்டத்துக்கு. வினாவின் ஏவல் சொல்லை வட்டமிடுங்கள். ஒப்பிடு, எந்த அளவுக்கு, எவ்வாறு என்பவை ஒவ்வொன்றும் வேறு விடையைக் கேட்கின்றன. ‘எந்த அளவுக்கு’ என்று கேட்டால் எதிர்ப்பக்கத்துக்கு ஒரு பந்தியாவது வேண்டும். 45 நிமிடத்தில் முன்னுரை, மூன்று அல்லது நான்கு பந்தி, முடிவுரை. முன்னுரையில் ஆசிரியரின் பிறப்பு வளர்ப்பு வேண்டாம், முதல் இரண்டு வசனத்துக்குள் உங்கள் விடை வந்துவிடவேண்டும்.

கடைசி ஐந்து நிமிடத்தில் முழுவதையும் வாசிக்க நேரம் காணாது. மூன்றை மட்டும் பாருங்கள். கதையைக் குறிக்கும் வினைச்சொற்கள் ஆங்கிலத்தில் நிகழ்காலத்தில் இருக்கவேண்டும். இறந்தகாலத்தில் தொடங்கி நடுவிலே மாறுவது எங்கள் பிள்ளைகளிடம் அடிக்கடி காணும் பிழை. நூலின் பெயருக்குக் கீழ்க்கோடு போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு மேற்கோளுக்கும் அடுத்த வசனத்துக்குக் கண்ணைக் கொண்டுபோங்கள். அங்கே பயன் இல்லாமல் கதை தொடர்ந்தால், ஓரத்தில் ஒரு குறி போட்டு, மேற்கோளில் உள்ள ஒரு சொல்லைப் பற்றி ஒரே ஒரு வசனம் சேர்த்து எழுதுங்கள்.